யப்பானிய ஆசிரியரிடையே பாட ஆராய்ச்சி மரபு

பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கன் புலமை பெறும் வகையைக் கூறிட்டுக் கணக்கிட்டுள்ளார். ஆசிரியர்வாய்க் கேட்பதனால் வருவது காற்கூறு. உடன் கற்பாரோடு பயில்வதனால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. இக்கணக்கினை நாம் மாணாக்கர்க்கு அடிக்கடி எடுத்துக் கூறுகின்றோம். ஆனால், இஃது ஆசிரியர்க்கும் பொருந்துமன்றோ என எண்ணிப் பார்ப்போர் சிலரே. கற்பிக்கும் தொழிலைக் கற்பதற்கும் உடன் தொழில் செய்வாரோடு பயிலும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியில்லாத ஆசிரியர் தம் தொழிலின் ஒரு கூற்றை என்றும் பெறாதவராகவே இருந்து விடுகின்றார்.

ஆசிரியத் தொழிலைப் புதிதாக ஏற்பவரின் நிலையைச் சற்று நோக்குவோம். மருத்துவத் தொழிலிற் புகும் இளைஞர் மூத்த மருத்துவரோடு நோயாளரின் படுக்கைதோறுஞ் சென்று தொழில் பழகுகின்றனர். சட்டத் தொழிலிற் புகுவோர் மூத்த வழக்கறிஞரின் பின்னிருந்து மன்றிலே வழக்கு நடக்கும் முறையைக் காண்கின்றனர். புதிய ஆசிரியரோ நியமனக் கடிதத்தோடு பாடசாலைக்கு வந்த அன்றே நாற்பது பிள்ளைகளின் முன்னே தனித்து நிற்கின்றார். அடுத்த வகுப்பறையில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் கற்பித்துக் கொண்டிருக்கலாம். இருவர்க்கும் இடையே இருப்பது ஒரு சுவரே. ஆயினும், ஒருவர் கற்பிப்பதை மற்றவர் ஓய்வு பெறும் வரையிற் காணாமலே போதலும் உண்டு. அதிபரோ கல்வி அதிகாரியோ வகுப்பினுள் வருவது பெரும்பாலும் மதிப்பிடுவதற்காகவே. அவர் வரும்போது புதிய ஆசிரியர் தம் குறைகளை மறைக்க முயல்வாரேயன்றி அவற்றைத் திறந்து காட்டித் துணை நாட மாட்டார்.

இத்தனிமையைப் போக்குதற்கு ஆசிரியரே கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, அவருள் ஒருவர் அதனைக் கற்பிக்க, ஏனையோர் இருந்து பார்த்து, பின் எல்லோருஞ் சேர்ந்து ஆராயும் வழக்கமொன்று யப்பான் நாட்டிலே நிலைபெற்றுள்ளது. அதனை அந்நாட்டார் 'ஜுகியோ கென்கியூ' என்பர். பாட ஆராய்ச்சி என்பது அதன் பொருள். இவ்வழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பலர், அது யப்பானியரின் இயல்பான ஒற்றுமைக் குணத்திலிருந்து தானே தோன்றியது போலக் கூறுகின்றனர். வரலாறு அவ்வாறு காட்டவில்லை. பிறநாட்டிலிருந்து இரவலாகப் பெறப்பட்ட ஒரு முறையே அதன் வித்து. அம்முறை அரசின் கையில் இறுகி ஒரு சடங்காயிற்று, ஆசிரியர் தாமே தேடிக் கண்ட குழுக்களில் உயிர் பெற்றது, போர்க்காலத்தில் நசுக்கப்பட்டது, பின் மீண்டும் தளிர்த்தது. இவ்வரலாற்றை அறியாது அதன் புறவடிவை மட்டும் எடுத்துக்கொள்வோர் ஏமாற்றமடைவர் என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் புதிய ஆசிரியர்கள்

1868 ஆம் ஆண்டில் மெய்ஜி ஆட்சி யப்பானிலே தொடங்கிற்று. நான்கு ஆண்டுகளின் பின், 1872 இல், நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அச்சட்டம் நாட்டை 8 பெருவட்டாரங்களாகவும், ஒவ்வொரு பெருவட்டாரத்தையும் 32 இடைநிலை வட்டாரங்களாகவும், அவை ஒவ்வொன்றையும் 210 தொடக்க வட்டாரங்களாகவும் பகுத்து, வட்டாரத்திற்கு ஒன்றாக 53,760 தொடக்கப் பாடசாலைகள் அமைய வேண்டுமெனத் திட்டமிட்டது. அவ்வெண்ணிக்கை எட்டப்படவில்லை. எனினும், மூன்று ஆண்டுகளில் சுமார் 24,000 பாடசாலைகள் தோன்றிவிட்டன. கட்டடங்களுக்குக் கோயில்களும் வீடுகளும் உதவின. ஆனால், ஆசிரியர்க்கு எங்கே போவது?

அதற்கு முன் அந்நாட்டிற் பொதுமக்களின் பிள்ளைகள் 'தெராகோயா' எனப்பட்ட சிறு பள்ளிகளிலே கற்றனர். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்க்கு அவற்றின் அமைப்பு விளங்கும். பிள்ளைகள் தத்தம் மேசையில் எழுத்துப் பயின்றுகொண்டிருக்க, ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்துப் பாடங் கேட்டுத் திருத்துவார். ஒரே நேரத்தில் ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தல் என்பது அங்கு இல்லை. புதிய சட்டமோ மேலைநாட்டு முறையிலான வகுப்புக் கற்பித்தலை வேண்டிற்று. ஆகவே, அப்போது நாட்டிலிருந்த ஆசிரியர் அனைவரும் ஒருவகையிற் புதிய ஆசிரியர்களே. தாம் மாணவராயிருந்தபோது ஒரு முறையேனுங் கண்டிராத ஒன்றை அவர்கள் செய்ய வேண்டியிருந்தது.

1872 ஆம் ஆண்டிலேயே டோக்கியோ நகரில் ஆசிரிய கலாசாலையொன்று நிறுவப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஆசிரியராயிருந்த மரியன் ஸ்கொட் என்னும் அமெரிக்கர் அங்கே கற்பிக்க அமர்த்தப்பட்டார். அமெரிக்க வகுப்பறை எவ்வாறு இருக்குமோ அவ்வாறே மேசைகளும் கரும்பலகையும் சுவர்ப் படங்களும் அமைத்து அவர் கற்பித்துக் காட்டினார். அடுத்த ஆண்டில் அக்கலாசாலையோடு இணைந்த தொடக்கப் பாடசாலையும் திறக்கப்பட்டது. அங்கு பயின்றோர் மாகாணங்களுக்குச் சென்று, தாம் கண்டதைப் பிறர்க்குக் காட்டினர். நூலிற் படித்து அறிதற்கு அரிய ஒரு தொழிலைக் கண்ணாற் கண்டு பழகும் வழக்கம் இவ்வாறு தேவையினாலே பிறந்தது. பாடத்தைப் பிறர் பார்க்கும்படி நடத்துதல் அந்நாட்டு ஆசிரியர்க்கு நாணத்தக்க செயலாக அல்லாமல் தொழிலின் இயல்பான ஒரு பகுதியாகத் தோன்றியதற்கு இத்தொடக்கமே முதற் காரணம் எனலாம்.

விமரிசனப் பாடத்தின் வருகை

1875 ஆம் ஆண்டில் யப்பானிய அரசு ஆசிரியக் கல்வியைப் பயின்று வருமாறு மூவரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அவருள் ஒருவரான டக்கமினே ஹிதேயோ, நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வீகோ நகரிலிருந்த ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்தார். அக்கலாசாலை பெஸ்தலோசியின் கொள்கையை அமெரிக்காவிற் பரப்புவதிலே பெயர் பெற்றிருந்தது. பெஸ்தலோசியின் உதவியாசிரியராயிருந்தவரின் மகனான கிரூசி அங்கே கற்பித்தார். டக்கமினே அவரிடம் பயின்றவர். பொருள்களைப் பிள்ளைகளின் கண்முன் வைத்து, அவர்தம் புலன்களைக் கொண்டே அறிவை வளர்க்க வேண்டும் என்பது அக்கலாசாலையார் கொண்ட கொள்கை. பயிற்சி ஆசிரியர் ஒருவர் கற்பிக்க, ஏனையோர் இருந்து குறைநிறைகளைக் குறித்துப் பின்னர் எடுத்துரைக்கும் விமரிசனப் பாடம் அங்கு வழங்கிய பயிற்சி முறைகளுள் ஒன்று.

டக்கமினே 1878 இல் நாடு திரும்பி டோக்கியோ ஆசிரிய கலாசாலையைச் சீர்திருத்தினார். அக்கலாசாலையிற் பயின்ற வகபயாஷி, ஷிராய் என்னும் இருவர் 1883 ஆம் ஆண்டில் சீர்திருத்திய கற்பித்தல் முறை பற்றி ஒரு நூலை வெளியிட்டனர். நாடெங்கும் பயன்பட்ட அந்நூலில் மாதிரிப் பாடங்களோடு, பாடத்தைப் பார்ப்போர் எவற்றைக் கவனித்து விமரிசிக்க வேண்டும் என்னுங் குறிப்புகளும் இடம்பெற்றன. இவ்விமரிசனப் பாடம் பிரித்தானிய மரபில் வந்த ஆசிரிய கலாசாலைகளுக்கும் புதியதன்று. ஆயின், பிற நாடுகளிலே கலாசாலையை விட்டு நீங்கியவுடன் மறக்கப்பட்ட இப்பழக்கம் யப்பானிலே பாடசாலைகளுக்குள்ளும் வட்டார ஆசிரியர் கூட்டங்களுக்குள்ளும் புகுந்தது. இவ்வேறுபாடே பின்வந்த வளர்ச்சிக்கெல்லாம் அடிப்படை.

முறை சடங்கானமை

இதுவரை கூறியவை நன்மையின் தொடக்கம். இனிக் கூறுவது அந்நன்மை திரிந்த கதை.

1885 இல் கல்வி அமைச்சரான மோரி அரினோரி, அடுத்த ஆண்டில் ஆசிரிய கலாசாலைகளுக்கென ஆணையொன்றைப் பிறப்பித்தார். பணிவு, நட்பு, கண்ணியம் என்னும் மூன்று குணங்களும் ஆசிரியரிடத்து அமைய வேண்டுமென்பது அவ்வாணையின் கருத்து. கலாசாலை விடுதிகளிலே படைப்பயிற்சியை ஒத்த ஒழுங்குகள் புகுத்தப்பட்டன. பணிவு முதலிடம் பெற்ற இடத்தில் ஆராய்ச்சிக்கு இடம் சுருங்குதல் இயல்பே. 1887 இல் யேர்மனியிலிருந்து வந்த ஹவுஸ்க்னெக்ட் என்பவர் டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஹேர்பாட்டின் கல்விக் கொள்கையைக் கற்பித்தார். ஹேர்பாட்டின் வழிவந்த ரைன் என்னும் அறிஞர் வகுத்த ஐந்து படிகள், அஃதாவது ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமை காணல், பயன்படுத்தல் என்பன, விரைவில் நாடெங்கும் பரவின. 1890 இற் பேரரசரின் கல்வி ஆணை வெளிவந்தது. 1903 இல் தொடக்கப் பாடசாலைகளுக்கு அரசு வெளியிடும் பாடநூல்களே உரியவை எனச் சட்டமாயிற்று.

இதன் விளைவு யாது? ஆசிரியர் கூடிப் பாடம் பார்த்தல் நின்றுவிடவில்லை; முன்னையினும் பெருகிற்று. ஆனால், அவர் கூடி ஆராய்ந்த வினா மாறிவிட்டது. பிள்ளைகள் யாது கற்றனர் என்பது போய், ஐந்து படிகளும் வரிசை தவறாது அமைந்தனவா என்பதே வினாவாயிற்று. பாடமும் அரசினது, நூலும் அரசினது, முறையும் வகுக்கப்பட்டது. எஞ்சியது, வகுத்த முறையைப் பிழையின்றி நடித்துக் காட்டுதலே. இத்தகைய கூட்டத்திலே புதிய ஆசிரியர் பெறும் துணை யாது? தாம் பிழை செய்தோமா என்னும் அச்சமும், பிழை செய்யாதது போலத் தோன்றும் திறனுமே. கூடியிருத்தல் மட்டும் கூட்டுக் கற்றல் ஆகாது என்பதற்கு இக்காலப்பகுதி தக்க சான்று.

தாமே கூடிய ஆசிரியர்கள்

இவ்விறுக்கத்திற்கு எதிரான கிளர்ச்சி 1910 களிலும் 1920 களிலும் எழுந்தது. கல்வி நிருவாகத்தில் உயர்பதவி வகித்த சவயனாகி மசத்தாரோ 1917 இல் டோக்கியோவிலே செய்ஜோ தொடக்கப் பாடசாலையை நிறுவிப் பிள்ளைகளின் இயல்பை அடிப்படையாகக் கொண்டு பாடங்களை ஆராய வேண்டும் என்றார். 1921 ஆம் ஆண்டு டோக்கியோவில் எட்டு அறிஞர் நிகழ்த்திய புதுக்கல்விச் சொற்பொழிவுகளைக் கேட்க நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆசிரியர் திரண்டனர். எனினும், இவ்வியக்கம் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பாடசாலைகளிலும் கலாசாலைகளோடு இணைந்த பாடசாலைகளிலுமே வேரூன்றிற்று. கிராமத்துப் புதிய ஆசிரியரை அது நேராகச் சென்றடையவில்லை.

அவரைச் சென்றடைந்தது பிறிதோர் இயக்கம். கட்டுரை எழுதுதல் என்னும் பாடத்திற்கு அரசின் பாடநூல் இருக்கவில்லை. ஆகவே, ஆசிரியர் தம் விருப்பப்படி செய்யக்கூடிய சிறு வெளி அங்கே எஞ்சியிருந்தது. 1930 இல், வடகிழக்கு யப்பானின் வறிய மாகாணங்களுள் ஒன்றான அகிதாவிலே இளம் ஆசிரியர் சிலர் 'வடநாட்டுக் கல்வி' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கினர். பிள்ளைகள் தம் வீட்டையும் வயலையும் பசியையும் பற்றி எழுதியவற்றை மெழுகுத்தாளிற் கைப்பட எழுதிப் படியெடுத்து, வகுப்புத் தொகுப்புகளாக்கி, ஆசிரியர் ஒருவர்க்கொருவர் அனுப்பிக் கருத்துக் கேட்டனர். 1934 இல் அப்பகுதியிற் குளிரால் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, பிள்ளைகளின் எழுத்தில் அதன் கொடுமை வெளிப்பட்டது. மலையிடுக்கிலுள்ள ஒரு பாடசாலையில் தனியே இருந்த இளம் ஆசிரியர்க்கு அஞ்சலில் வந்த அத்தொகுப்பே உடன் தொழில் செய்வாரின் குரலாயிற்று. அவர் கலாசாலையிற் கேட்ட ஐந்து படிகள் பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைச் சொல்லவில்லை. அதே நிலையிலிருந்த மற்றோர் ஆசிரியர் சொன்னார்.

இக்குழுக்களை யாரும் சுற்றுநிருபத்தால் அமைக்கவில்லை. இவற்றில் மேற்பார்வையாளரும் இல்லர். அதனாலேயே அரசு இவற்றைக் கண்டு அஞ்சிற்று. 1940 ஆம் ஆண்டு முதல், சமுதாயத்தின் குறைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி அரசுக்கெதிரான எண்ணத்தை வளர்த்தனர் என்னுங் குற்றச்சாட்டில் இவ்வியக்கத்தைச் சேர்ந்த ஆசிரியர் பலர் கைது செய்யப்பட்டனர். பிள்ளைகளின் கட்டுரைகளைத் தம்முட் பகிர்ந்து படித்தமைக்காக ஆசிரியர் சிறை புகுந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. 1941 இல் தொடக்கப் பாடசாலைகள் போர்க்கால நோக்கங்களுக்கேற்பத் தேசியப் பாடசாலைகளாக மாற்றப்பட்டன. அதன்பின் ஆசிரியர் கூடினர், ஆனால் ஆராயவில்லை.

போரின் பின் மறுமலர்ச்சி

1945 இல் யப்பான் தோல்வியுற்றது. நேற்று வரை கற்பித்தவற்றை அதே பிள்ளைகளைக் கொண்டே பாடநூல்களில் மை பூசி அழிக்கச் செய்ய வேண்டிய நிலை ஆசிரியர்க்கு நேர்ந்தது. அத்தொழிலுக்கு அதனினும் பெரிய மானக்கேடு வேறில்லை. 1947 இல் வெளிவந்த புதிய பாடத்திட்டம் 'முன்மொழிவு' என்றே தன் தலைப்பிற் குறிக்கப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு ஆசிரியரே தம் பாடங்களை அமைக்கலாம் என்பது கருத்து. சமூகக்கல்வி என்னும் புதிய பாடமும் அவ்வாண்டிற் புகுத்தப்பட்டது. அதனை எவரும் முன்பு கற்பித்ததில்லை, கற்றதுமில்லை. 1872 ஆம் ஆண்டின் நிலை மீண்டும் வந்தது. மூத்தோரும் இளையோரும் ஒருங்கே புதிய ஆசிரியராயினர். ஆனால், இம்முறை மாதிரியைக் காட்டுதற்கு ஸ்கொட் போன்ற ஒருவர் இல்லை. ஆகவே, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதொன்றே வழியாயிற்று.

1948 இல் கலாசாலையை விட்டு வெளிவந்த முசாக்கு செய்கியோ என்னும் இளைஞர் யமகத்தா மாகாணத்தின் மலைக்கிராமமொன்றிலே ஆசிரியரானார். அவர் போருக்கு முந்திய கட்டுரை இயக்கத்தின் வழியைப் பின்பற்றித் தம் வகுப்பின் 43 மாணவரையுந் தத்தம் வாழ்வைப் பற்றி எழுதச் செய்தார். அவை 1951 இல் 'எதிரொலிப் பள்ளி' எனப் பொருள்படும் பெயரில் நூலாகி நாடெங்கும் படிக்கப்பட்டன. அனுபவம் முதிராத இளம் ஆசிரியர் ஒருவர் இத்தகைய பணியைச் செய்ததை அவரது தனித்திறமையின் பயனென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. முன்னோர் சிறை சென்றும் அழியாத ஒரு கூட்டு மரபு அவர்க்கு முதலாக நின்றது.

குன்மா மாகாணத்தின் ஷிமா தொடக்கப் பாடசாலையில் 1952 முதல் 1963 வரை அதிபராயிருந்த சைத்தோ கிஹாக்கு, பாடசாலை முழுவதையுமே ஆராய்ச்சிக் களமாக்கினார். அங்கு ஆசிரியர் ஒருவரின் வகுப்பினுள் மற்றவர் செல்வது அன்றாட வழக்கமாயிற்று. 1955 முதற் பலமுறை அப்பாடசாலை தன் கதவுகளைப் பிற ஆசிரியர்க்குத் திறந்து பொது ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்திற்று. சிறிய கிராமப் பாடசாலையொன்றைக் காண நாட்டின் பல திசைகளிலிருந்தும் ஆசிரியர் வந்தனர். 1958 இற் பாடத்திட்டம் மீண்டும் சட்டவலிமை பெற்றதாக்கப்பட்டது. எனினும், பாடசாலைக்குள்ளும் வட்டாரத்திலும் விருப்பால் அமைந்த குழுக்களிலுமாக மூவகையில் வேரூன்றிவிட்ட பாட ஆராய்ச்சியை அது வீழ்த்தவில்லை.

பாட ஆராய்ச்சி நடைபெறும் வகை

இனி, இம்மரபிற் குழு செயற்படும் வகையைச் சுருங்கக் கூறுவோம். ஒரு பாடசாலையின் ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பொருளைத் தெரிந்துகொள்வர். பிள்ளைகள் தாமே சிந்தித்து விளக்கும் ஆற்றலை வளர்த்தல் என்பது போன்ற பொதுநோக்கமாக அஃது அமையும். பின் ஒரு பாடத்தைத் தேர்ந்து, அப்பாடப்பொருளைப் பல வாரங்கள் ஆழ்ந்து பயில்வர். எழுதப்படும் பாடக்குறிப்பில் ஆசிரியர் கேட்கும் வினாக்களோடு, பிள்ளைகள் கூறக்கூடிய விடைகளும் அவர்க்கு நேரக்கூடிய மயக்கங்களும் இடம்பெறும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தைக் கடந்து கழிக்குங் கணக்கை முதன்முதலிற் கற்பிக்க வேண்டியுள்ளது. எந்தக் கணக்கைக் கொண்டு தொடங்குவது? 11 இலிருந்து 2 ஐக் கழிக்கக் கொடுத்தாற் பிள்ளை பின்னோக்கி எண்ணியே விடை சொல்லிவிடும்; புதிய முறையின் தேவையே தோன்றாது. 13 இலிருந்து 9 ஐக் கழிக்கக் கொடுத்தால், மூன்றிலிருந்து ஒன்பது போகாமையாற் பத்திலிருந்து 9 ஐ எடுத்து, எஞ்சிய 1 ஐ 3 உடன் கூட்டி, 4 எனக் காண்பது எளிதாகும். 12 இலிருந்து 7 ஐக் கழிக்கக் கொடுத்தால், சிலர் பத்திலிருந்து 7 ஐ எடுப்பர். சிலர் முதலில் 2 ஐயும் பின் 5 ஐயும் எடுப்பர். இரு வழிகளும் வகுப்பில் எழுதலால் அவற்றை ஒப்பிட்டுப் பேச இடமுண்டாகும். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் இத்தேர்வை எண்ணாமலே செய்துவிடுவார். புதிய ஆசிரியரும் எண்ணாமலே ஏதோ ஓர் எண்ணை எழுதிவிடுவார். இருவரும் ஒரு மேசையிலிருந்து ஏன் இந்த எண் என்று வினவும்போதே, மூத்தவர் உள்ளத்திற் சொல்லின்றிக் கிடந்த அறிவு சொல்லாக வெளிப்படுகின்றது. புதியவர் பெறுந் துணையுள் தலையாயது இதுவே.

பாடம் நடக்கும் நாளில் ஏனைய ஆசிரியர் வகுப்பறையின் பக்கங்களில் நின்று பார்ப்பர். அவர்தம் கண்கள் கற்பிப்பவரைக் காட்டிலும் பிள்ளைகளையே மிகுதியாக நோக்கும். யார் எழுதத் தயங்கினார், யார் அழித்து மீண்டும் எழுதினார், யாருடைய வினா கேட்கப்படாமற் போயிற்று என்பனவற்றைக் குறித்துக்கொள்வர். பின்னர் நடைபெறுங் கூட்டத்திலே பாடம் நடத்தியவர் முதலிற் பேசுவர். தாம் கருதியது யாது, நேர்ந்தது யாது என்பார். அடுத்து ஏனையோர் தாம் கண்டவற்றைக் கூறுவர். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அறிஞர் ஒருவர் இறுதியிற் கருத்துரைப்பதும் உண்டு. திருத்திய பாடத்தை வேறொருவர் வேறொரு வகுப்பில் நடத்துதலும் சில பாடசாலைகளில் வழக்கம். பாடம் எல்லோருங் கூடி அமைத்ததாகையால், அதிற் காணும் குறை எல்லோருடையதுமாகும். நடத்தியவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. மெய்ஜிக் காலத்து விமரிசனப் பாடத்திற்கும் இதற்கும் உள்ள பெருவேறுபாடு இதுவாகும்.

சட்டமும் பிறநாட்டுப் பரவலும்

1988 இல் யப்பானியப் பாராளுமன்றம் புதிய ஆசிரியர் அனைவர்க்கும் முதலாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. அடுத்த ஆண்டில் தொடக்கப் பாடசாலைகளில் அது நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரின் துணையோடு பாடசாலைக்குள்ளும், பயிற்சி நிலையங்களில் வெளியேயும் பயிற்சி வழங்கப்பட்டது. அதனோடு, நிபந்தனையின் பேரிலான நியமனக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டப்பட்டது. யப்பானிய ஆசிரியர் சங்கம் இதனை எதிர்த்தது. துணை என்ற பெயரிலே கட்டுப்பாடு புகுகின்றது என்பது அவர்தம் வாதம். முன்வந்த வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வச்சம் வெறும் அச்சமாகத் தோன்றாது. வழிகாட்டுபவரே மதிப்பிடுபவராகவும் இருப்பாராயின், புதியவர் தம் ஐயங்களை அவரிடம் வாய்விட்டுச் சொல்வாரோ?

1990 களின் நடுப்பகுதியில் அமெரிக்கா, யேர்மனி, யப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் 231 ஐ ஒளிப்பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வொன்று நடைபெற்றது. அவ்வாய்வின் அடிப்படையில் ஸ்டிக்லர், ஹீபேட் என்போர் 1999 இல் வெளியிட்ட நூலின் வாயிலாகவே பாட ஆராய்ச்சி மேலைநாடுகளிற் பரவலாக அறியப்பட்டது. பின்னர் சிங்கப்பூர், இந்தோனேசியா முதலிய ஆசிய நாடுகளும் அதனைக் கைக்கொண்டன. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து யப்பானுக்குச் சென்ற விமரிசனப் பாடம், நூறாண்டுக்கு மேல் அங்கே வளர்ந்து உருமாறி, மீண்டும் அமெரிக்காவுக்கே புதுப்பொருளாகச் சென்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

யப்பானிய மரபைக் குறைகளற்றதாகப் புனைந்துரைத்தலும் நேர்மையாகாது. 2018 இற் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், யப்பானிய இடைநிலை ஆசிரியர் வாரத்திற்கு 56 மணிநேரம் வேலை செய்வதாகக் கூறினர். பங்குகொண்ட நாடுகளுள் அதுவே மிக நீண்ட வேலைநேரமாகும். இளைப்பாற நேரமில்லாத ஆசிரியர்க்குப் பாட ஆராய்ச்சியும் மற்றொரு சுமையாகலாம். பொது ஆராய்ச்சிப் பாடங்கள் சில, பிறர் மெச்சுதற்காக ஒத்திகை பார்த்து நடத்தப்படுங் காட்சிகளாக மாறுவதும் உண்டு. மெய்ஜிக் காலத்துச் சடங்கு முற்றாக மறைந்துவிட்டது என எவரும் துணிந்து கூற இயலாது.

வரலாறு நமக்குக் கூறுவது

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆராயப்படும் பொருள் ஆசிரியராக இருத்தலாகாது. பாடமாகவும் அதனைக் கற்கும் பிள்ளையாகவும் இருத்தல் வேண்டும். ஐந்து படிகளின் காலத்திலே ஆசிரியர் ஆராயப்பட்டார். அதனால் அவர் அஞ்சினார். இரண்டாவது, மூத்தோர் தாமும் தம் பாடத்தைப் பிறர் காண நடத்துதல் வேண்டும். புதியவர் மட்டும் எப்போதுங் காட்டுபவராகவும் மூத்தவர் எப்போதும் பார்ப்பவராகவும் இருக்கும் குழு, பெயரளவிற் குழுவாயினும் உண்மையில் ஒரு பரீட்சை மண்டபமே. மூன்றாவது, குழுவிற்குத் தானே வினா எழுப்பவும் விடை காணவும் உரிமை வேண்டும். அகிதா ஆசிரியரிடம் பணமுமில்லை, பதவியுமில்லை; வினா மட்டும் அவர்தம் சொந்த வினாவாயிருந்தது.

நம் பாடசாலைகளிலும் பாடவாரிக் கூட்டங்கள் நடைபெறாமலில்லை. ஆனால், அவற்றிற் பேசப்படுவன பெரும்பாலும் பரீட்சைப் பெறுபேறுகளும், வினாத்தாள் தயாரித்தலும், பாடத்திட்டத்தை எந்தத் தவணையில் முடிப்பது என்பதுமே. ஒரு குறித்த பாடம் ஏன் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்பது அக்கூட்டங்களின் பொருளாக வருதல் அரிது. புதிய ஆசிரியர் தம் ஐயத்தை மனத்துள் அடக்கிக்கொண்டு, சில ஆண்டுகளில் ஐயமே இல்லாதவராகிவிடுகின்றார். அந்நிலை அவர்க்கும் கேடு. அவரிடம் பின்வரும் முப்பது ஆண்டுகள் கற்கப்போகும் பிள்ளைகளுக்கும் கேடு.

இதனை மாற்றப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; புதிய சுற்றுநிருபமும் வேண்டுவதில்லை. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் மூவரோ நால்வரோ தவணைக்கு ஒரு பாடத்தைத் தெரிந்து, கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த ஏனையோர் இருந்து பார்த்து, அன்று மாலையே ஒரு மணிநேரம் பேசுவதற்கு இசைந்தாற் போதும். அதிபர் அந்நால்வர்க்கும் நேரசூசியில் ஒரு பாடவேளையை ஒதுக்கிக் கொடுத்தால் அதுவே பேருதவியாகும். முதற் பாடத்தை நடத்துபவர் அக்குழுவின் மூத்த ஆசிரியராயிருத்தல் நலம். அவர் கற்பிக்கும்போதும் சில பிள்ளைகள் விளங்காது விழிப்பர் என்பதைப் புதியவர் தம் கண்ணாற் காணட்டும். அக்காட்சி மூத்தவரின் பெருமையைக் குறைப்பதன்று. புதியவர் தம் வகுப்பறைக் கதவை அடுத்த முறை தாமே திறந்து வைப்பதற்கு அதைவிடச் சிறந்த அழைப்பு வேறில்லை.